ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் நம்மூரில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அஜ்மீர், முடிந்தால் சிம்லா, திரும்பும்போது மும்பை, ஹைதராபாத். பத்து நாளில் ஏழு ஊர்! "இவ்வளவு செலவழிச்சுப் போறோம், எல்லாத்தையும் பார்த்துடணும்" என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

கணக்கைப் பாருங்கள். நெல்லையிலிருந்து வண்டி மாறாமல் டெல்லி போக திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வாரத்தில் இரண்டே நாள்தான். டெல்லி போய்ச் சேர இரண்டு இரவு. போக வர நான்கு இரவு ரயிலிலேயே போனால், மிச்சம் ஐந்தோ ஆறோதான். அதற்குள் ஏழு ஊரை நுழைத்தால், தினமும் பெட்டி கட்டுவதுதான் சுற்றுலா.

டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் தொடங்குகிறது. ஏழு ஊர் என்றால் ஏழு வெவ்வேறு நாளில் காலை 8 மணிக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்று வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றாலும் மொத்தத் திட்டமும் சாய்ந்துவிடும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், ஏறவே முடியாது. டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி வேறு. வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். காலையில் இறங்கி மாலையில் அடுத்த வண்டி பிடிக்கும் திட்டம் அங்கே நிற்காது.

இதையெல்லாம் அனுபவிப்பது யார்? பட்டியல் போட்ட பிள்ளை மேல் பெர்த்தில் தூங்கிவிடுவான். முட்டுவலியோடு நடைமேம்பாலம் ஏறுவது உம்மா. சாமான்களுக்குக் காவல் இருப்பது வாப்பா. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் போனது போனதுதான். முழுக் கட்டணம் கொடுத்து வரும் பெரியவர்களுக்கு ஓர் ஊரில் ஒரு முழு நாள் ஓய்வாகச் சுற்றிப் பார்க்கும் உரிமைகூடக் கிடையாதா?

"மறுபடி எப்போ வரப்போறோம்?" என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், வந்த இடத்தை ஒழுங்காகப் பாருங்கள் என்று. வாழ்நாளில் ஒரே தடவை ஆக்ரா போகிறவர், வெள்ளிக்கிழமை போய் இறங்கி, பூட்டிய தாஜ்மஹாலைப் பார்த்துத் திரும்பலாமா? செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பட்டியல் போடுகிறவர்கள் கிழமையைப் பார்ப்பதே இல்லை.

என் யோசனை இதுதான். பத்து நாளென்றால் மூன்றே ஊர். டெல்லியில் இரண்டு இரவு, ஆக்ராவில் ஒன்று, அஜ்மீரில் இரண்டு. ஊருக்குத் திரும்பும் வண்டிக்கு முதல் நாளே டெல்லி வந்து ஓர் இரவு தங்குங்கள். தாமதம் வந்தால் அந்த ஒரு நாள் தாங்கும். அந்த ஊர்களுக்கு இடையே பகல் வண்டியில் போங்கள். டெல்லி–ஆக்ரா 200 கிலோமீட்டர்கூட இல்லை, கதிமான் எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். பெரியவர்களுக்குக் கீழ் பெர்த் உறுதியான பிறகே மற்றதைப் பேசுங்கள்.

சிம்லாவும் மும்பையும் எங்கும் ஓடிவிடாது. அடுத்த விடுமுறை வரட்டும்.