கணக்கு அவர் கையிலும் இருக்கட்டும்

வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி வணிகர் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். ராஜபாளையம் வட்டார நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும், ஓட்டல்களிலும் இன்று அவர்கள் இருக்கிறார்கள். நம் கிட்டங்கிகளில் மூட்டை இறக்குகிறவர்களிலும் அவர்கள் உண்டு. நம் கடையில் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் வாங்குகிறவர்களும் அவர்களே. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

ஊரை விட்டுப் பிழைக்கப் போவது நமக்குப் புதிதல்ல. வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் பக்கத்து நெல்லும் தென்னையும் பிளவக்கல் அணையையும் கண்மாய்களையும் நம்பியவை. மழை பொய்த்தால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் நம் கடைப் பற்றுவரவு நோட்டில் பாக்கி ஏறும். பாக்கி ஏறிய வீட்டிலிருந்துதான் ஒருவர் திருப்பூருக்கோ, சென்னைக்கோ, கேரளத்துக்கோ பஸ் ஏறுகிறார். ஆசையால் போகிறவர் சிலர். கடனால் போகிறவர் பலர்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் கதையும் இதுவே. அங்கே துண்டு நிலம், அடிக்கடி வெள்ளம், தொழிற்சாலை குறைவு. இதில் வியாபாரிகளான நமக்கு எளிதில் விளங்கும் ஒரு காரணமும் உண்டு. 1950களில் தொடங்கி 1990களின் முற்பகுதி வரை, நாடு முழுவதும் எஃகு ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்தால் கிடைக்கக்கூடிய வாடகை லாபம் அந்த மாநிலங்களுக்கு இல்லாமல் போயிற்று. ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் பெருகின. கனிமம் இருந்த மாநிலங்களில் வேலை பெருகவில்லை. அன்று சரக்கு வந்த வழியிலேயே இன்று ஆள் வருகிறார்.

இப்படி வருகிறவரைப் பிடித்து வைப்பது எது? பெரும்பாலும் முன்பணம்தான். நம் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனபோது கங்காணி கொடுத்த முன்பணத்தோடு போனார்கள். அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆள் மாறுவார். சீட்டை எழுதியவர்கள் துரையும் கங்காணியும். கணக்குச் சரியா என்று கேட்கும் நிலையில் தொழிலாளி இல்லை. இன்றைக்குச் செங்கல் சூளைக்கும் ஆலை விடுதிக்கும் ஆள் கூட்டி வரும் ஏஜெண்டுகளில் பலர் வைத்திருப்பதும் அதே போன்ற நோட்டுதான்.

இது தெரிந்துதான் 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், கூலியும் முன்பணமும் பிடித்தமும் எழுதிய பாஸ் புத்தகம் ஒன்றைத் தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும் என்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் சட்டப் புத்தகத்தோடு நின்றது. 2020 ஊரடங்கில் அதன் பலனை நாடே பார்த்தது. லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பினார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அந்த விவரம் இல்லை என்று மத்திய அரசு செப்டம்பரில் பதில் சொன்னது. ஒரு மூட்டை குறைந்தாலும் நம் இருப்பு நோட்டில் தெரிந்துவிடும். மனிதர் குறைந்தது எந்த நோட்டிலும் இல்லை.

பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏஜெண்ட் இல்லாமல் தாமாக வந்தவர்களையும் அது கணக்கில் கொள்கிறது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்பு, இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். மூன்று பேர், நான்கு பேர் வைத்திருக்கும் நம் கடைகள் இதற்கு வெளியே நிற்கின்றன. சட்டம் எட்டாத இடத்தில் நாணயம் எட்ட வேண்டும் என்பதே நம் கருத்து.

"குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது ஏன் கூட்டிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. வெளியூர்க்காரருக்குக் கூலி குறைந்தால் உள்ளூர்க்காரருக்கும் கூலி ஏறாது. உள்ளூர்க்காரர் கூலிதான் மாதத் தொடக்கத்தில் நம் கல்லாவுக்கு வருகிறது. கூலியில் மிச்சம் பிடிக்கும் கடைவீதி, வியாபாரத்தில் அதை இழக்கும்.

ஆகவே உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், சேர்ந்த நாள், பேசிய சம்பளம், வாங்கிய முன்பணம் எழுதிய சிறு நோட்டு இரண்டு போடுங்கள். ஒன்று நம்மிடம், ஒன்று அவரிடம். அவர் ஆதார் அட்டையைப் பிடித்து வைக்காதீர்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது, 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அப்படிப்பட்ட கடனை வசூலிக்கவும் முடியாது. உட்கார இருக்கை கொடுங்கள். 2021 முதல் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு அது சட்டமே. சொந்த ஊர் ரேஷன் அட்டையைக் கொண்டே இங்கு அரிசி வாங்கலாம் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் அந்த வசதி உண்டு.

நம் பிள்ளைகள் வெளியூரில் யாரோ ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கிறார்கள். அந்த முதலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதையே இங்கு வந்தவருக்கு நாம் செய்வோம். வரவும் செலவும் இருவருக்கும் தெரிந்த கணக்கே நல்ல கணக்கு. இது வியாபாரத்தின் முதல் பாடம்.