வறுத்த பயறும் கரு தங்காமையும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்கு அடுத்தாற்போல் திருப்புட்குழி என்று ஒரு கிராமம் இருப்பது தோழர்கள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று என்று பேர் பெற்ற விஜயராகவப் பெருமாள் கோவில் அங்கு இருக்கிறது. ஜடாயு என்கிற கழுகுக்கு இராமன் கடன் கழித்த இடம் என்பது ஸ்தல புராணம். அது எப்படியோ போகட்டும். அக்கோவிலில் பிள்ளையில்லாத பெண்களைக் குறித்து நடந்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றியே நாம் எழுத முன்வந்தோம்.

அதாவது, பிள்ளை வேண்டும் பெண் குளத்தில் முழுகி, வறுத்த பச்சைப் பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவில் படுக்க வேண்டுமாம். விடியும்போது பயறு முளைவிட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் பிள்ளை கொடுப்பாளாம். முளைக்காவிட்டால் அவளுக்கு அந்தப் பாக்கியம் இல்லையாம்.

பயறு முளைப்பதற்கு வேண்டியவை மூன்று: உயிருள்ள முளைக்கரு, ஈரம், சூடு. நன்றாக வறுத்தால் முளைக்கரு செத்துப்போகும். பிறகு எந்தத் தாயார் மடியில் கட்டினாலும் முளைக்காது. சட்டியில் லேசாகப் புரட்டி எடுத்தால் உயிர் போகாது. ஈரத்துணியும் உடம்புச் சூடும் சேர்ந்து முளைக்க வைத்துவிடும். ஆகவே விடியற்காலையில் தெரிவது வறுத்தவருடைய கைப்பக்குவமே தவிர, அப்பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றிய சங்கதி ஒன்றுமில்லை. எத்தனை பேர் மடியில் முளைத்தது, அவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை பிறந்தது, முளைக்காதவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தது என்று எவராவது கணக்கு வைத்துக் காட்டினதுண்டா? அன்றியும், பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடத்தில் ஆண்பிள்ளையிடமும் குறை இருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அப்படியிருக்கப் பயறைப் புருஷன் மடியில் கட்டாததேன்? “மலடி” என்ற வார்த்தை தெருவெல்லாம் புரள, “மலடன்” என்ற வார்த்தை அகராதியில் தூங்குவதேன்?

நிற்க. கருவே உண்டாகாத பெண்களை விட ஒரு வகையில் அதிக துக்கப்படுகிறவர்கள், கரு உண்டாகி உண்டாகி அழிந்துபோகிற பெண்கள். மூன்றாம் மாதம் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று என்று இழந்தவளை நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? நாகதோஷம் என்கிறார்கள், பூர்வஜென்ம பாவம் என்கிறார்கள், வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குகிறார்கள், அவள் புருஷனுக்கு இரண்டாந்தாரம் தேடுகிறார்கள். அவளுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்லுகிற மாமியாரும் மாமனாரும் எத்தனை பேர்?

இரத்தத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையில் காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். உறையாவிட்டால் உயிர் போகும். ஆனால் குழாய்க்குள் ஓடும்போது அது உறையக் கூடாது. சிலருடைய உடம்பில், நோயை எதிர்ப்பதற்காக உண்டாக வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்த உடம்பின் மேலேயே திரும்பி, உறையக் கூடாத இடத்தில் இரத்தத்தை உறைய வைக்கின்றன. கர்ப்ப காலத்தில் இவை நச்சுக்கொடி சரியாக வேர் பிடிப்பதைக் கெடுக்கின்றன. அதன் இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. சிசுவுக்கு ஆகாரமும் பிராணவாயுவும் நச்சுக்கொடி வழியாகவே போக வேண்டியிருப்பதால் சிசு செத்துப்போகிறது. லண்டன் வைத்தியர் கிரஹாம் ஹியூஸ் என்பவர் 1983-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்பது இதன் பெயர். அடிக்கடி கரு அழியும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் இந்த எதிர்ப்பொருள்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இதில் தாய் செய்த பாவம் என்ன இருக்கிறது?

இதற்கு மருந்தும் இருக்கிறது. ஒன்று, சிறு அளவில் தினம் கொடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரை. மற்றொன்று, தோலுக்கடியில் போடும் ஹெபாரின் ஊசி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் 1916-ல் நாயின் ஈரலை ஆராயும்போது, இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளைக் கண்டார். அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததே ஹெபாரின். இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. சாஸ்திரம் தீட்டு என்று தள்ளிய பிராணிகளிடமிருந்துதான் கரு காக்கும் மருந்து கிடைத்தது. ஹெபாரின் நச்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவிடம் போவதில்லை. இரத்தக்கட்டிக்குக் கொடுக்கும் வார்பரின் என்ற மாத்திரையோ தாண்டிப் போய்ச் சிசுவைக் கெடுக்கும். அதைத் தின்றுவரும் பெண் கர்ப்பம் என்று தெரிந்த உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

பயறுக்கு இல்லாத கணக்கு இந்த மருந்துக்கு உண்டு. லண்டனில் இந்நோயுள்ள, பல முறை கரு இழந்த 90 பெண்களை 45 பேராகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் மட்டும், மறு பாதிக்கு ஆஸ்பிரினும் ஹெபாரினும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் 19 பேருக்கும் இரண்டாம் கூட்டத்தில் 32 பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. 1997-ல் இதை அச்சிட்டு உலகத்தார் முன் வைத்தார்கள். எவரும் சோதித்துப் பார்க்கலாம். தவறென்றால் தவறென்று சொல்லலாம்.

இதனால் ஊசியையும் ஒரு தெய்வமாக்கிவிடக் கூடாது. காரணம் தெரியாமல் கரு அழியும் பெண்களுக்கு இதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லையென்று 2010-ல் ஹாலந்து வைத்தியர்கள் வெளியிட்டார்கள். கரு அழிவதற்குக் கருவிலேயே உள்ள குறை முதலிய வேறு காரணங்களும் உண்டு. அநேகருக்குக் காரணம் அகப்படுவதேயில்லை. அப்படிப்பட்டவர்களிலும் பலர் பிறகு மருந்தில்லாமலே பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே வைத்தியர் சொல்லாமல் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது இரத்தப் போக்கை உண்டாக்கி ஆபத்தில் முடியும்.

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவே. இரண்டு மூன்று முறை கரு அழிந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் வளர்ந்த கரு ஒரு முறை காரணமின்றி இறந்தாலும், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த எதிர்ப்பொருள் சோதனையைக் கேட்க வேண்டும். இருப்பதாகத் தெரிந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் சோதித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அச்சோதனையும் ஊசியும் காசில்லாத குடியானவன் பெண்ணுக்கும் மாவட்ட சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இனாமாகக் கிடைக்க வேண்டும் என்று நம் தோழர்கள் கிராமசபையிலும் சட்டசபை அங்கத்தினர்களிடமும் விடாமல் கேட்க வேண்டும்.

திருப்புட்குழி வழியாகப் போகும் சாலை வேலூரில் போய்ச் சேருகிறது. ஆண் வைத்தியர் தொடக் கூடாது என்ற ஆசாரத்தினால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் செத்ததைக் கண்டு மனம் மாறி, வைத்தியம் படித்துத் திரும்பிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை, இன்று அங்கே பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது. இரத்த நோய்களுக்கென்றே அந்த ஆஸ்பத்திரிக்குத் தனிப் பகுதியும் உண்டு. கரு தங்காத பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள், பயறு முளைக்கும் ஊரில் இறங்குவதா, இரத்தம் பார்க்கும் ஊர் வரையில் போவதா என்று யோசித்து டிக்கெட் வாங்குவார்களாக.