16 ஆயிரம் பெரிதா, 8 ஆயிரம் பெரிதா?

ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது நீர்வரத்தைத்தான். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிடும் தண்ணீர், பிலிகுண்டுலுவைக் கடந்து இங்கே வந்து சேரும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்று செய்தி வரும். அளவு கூடினால் அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

'இன்று பரிசல் உண்டா?' என்று செல்போனில் சொல்லும் ஒரு சின்னச் செயலியை, பைத்தான் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்வரத்து 8,000 கன அடியைத் தாண்டினால் 'வராதீர்கள்' என்று காட்ட வேண்டும். (8,000 என்பது உதாரணத்துக்கு மட்டும். நிஜத்தில் தடை போடுவது மாவட்ட நிர்வாகம்.) பத்து வரி வேலை. எழுதிவிட்டார்.

ஒருநாள் 16,000 கன அடி வருகிறது. செயலியோ 'பரிசல் உண்டு, வாருங்கள்' என்கிறது!

கோளாறு எங்கே? ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தகவல் அனுப்பும்போது பெரும்பாலும் 'ஜேசன்' என்ற வடிவத்தில்தான் அனுப்புகிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2000-களின் தொடக்கத்தில் பிரபலமாக்கியது. மளிகைக் கடைச் சீட்டு மாதிரிதான். இடம்: பிலிகுண்டுலு, அளவு: 16000, தேதி: இன்னது. அளவை மேற்கோள் குறிக்குள் போட்டால் அது சொல். குறி இல்லாமல் போட்டால் எண். அனுப்பியவர் குறி போட்டு அனுப்பிவிட்டார். மாணவியும் தன் 8000-ஐ ஓர் அமைப்புக் கோப்பில் குறி போட்டே வைத்திருந்தார்.

இப்போது பைத்தானுக்கு இரண்டும் சொற்கள். சொற்களை அது அகராதி மாதிரி வரிசைப்படுத்தும். அகராதியில் 'அம்மா' முன்னே, 'ஆடு' பின்னே. எத்தனை எழுத்து என்பது கணக்கில்லை. அதேபோல 16000-இன் முதல் எழுத்து 1, 8000-இன் முதல் எழுத்து 8. ஆக 8000-தான் 'பெரிது'. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த லட்சம் வந்திருந்தாலும் இந்தச் செயலி 'வாருங்கள்' என்றுதான் சொல்லியிருக்கும். ஒன்று எண்ணாகவும் மற்றது சொல்லாகவும் இருந்திருந்தாலாவது பைத்தான் ஒப்பிட மறுத்து அங்கேயே நின்றிருக்கும். அமைதியாகத் தப்பு செய்வதைவிட அது எவ்வளவோ மேல்!

பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட்டை எங்கே மாட்டுகிறார்கள்? கரையில், ஏறுவதற்கு முன்னால். நடு ஆற்றில் அல்ல. ஜேசன் தகவலுக்கும் அதே முறைதான். நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே 'அளவு என்பது எண், தேதி என்பது தேதி' என்று ஓர் அச்சு வைத்து, அதில் பொருந்துவதை மட்டும் உள்ளே விட வேண்டும். இப்படி அச்சு எழுத உதவும் 'டேட்டாகிளாஸ்' பைத்தானில் 2018-இல், 3.7 பதிப்பில் வந்தது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டேட்டாகிளாஸ் வாசலில் 'எண் மட்டும்' என்று பலகை மாட்டும். காவலுக்கு ஆள் போடாது. சொல் நுழைந்தாலும் கேட்காது. மாற்றும் வேலையை நிரல் எழுதுகிறவரே செய்ய வேண்டும். அல்லது 'பைடான்டிக்' போன்ற நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அது குறிக்குள் வந்த 16000-ஐ எண்ணாக மாற்றிக் கொடுக்கும். இடையில் காற்புள்ளி போட்டு '16,000' என்று வந்தால், பிழை என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

தேதியில் இன்னொரு வம்பு. ஜேசனில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. அதுவும் வெறும் சொல்தான். 05-08 என்று வந்தால் மே 8-ஆ, ஆகஸ்ட் 5-ஆ? பாறை தெரியும் மே மாதக் காவிரியும், கரை புரளும் ஆகஸ்ட் காவிரியும் ஒன்றா? வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. திரும்ப ஜேசனாக அனுப்பும்போதும் தேதியை இப்படிச் சொல்லாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றாமல் கொடுத்தால் பைத்தானின் ஜேசன் கருவி வாங்கிக்கொள்ளாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அளவே வராமல் போகும் நாள். வெள்ளத்தில் கருவி பழுதாகலாம், இணைப்பு அறுந்துபோகலாம். அப்போது அளவு இருக்கும் இடத்தில் ஜேசன் 'நல்' என்று சொல்லும். ஒன்றும் இல்லை என்று பொருள். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் 'இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்' என ஒரு வரி போட்டுவிடுவார்கள். 0 என்பது 8,000-ஐவிடக் குறைவு. திரையில் மறுபடி 'வாருங்கள்'! ஆற்றில் தண்ணீரே இல்லை என்பதும், எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது என்பதும் ஒன்றல்லவே.

மாணவி அச்சைத் திருத்தினார். அளவு என்பது 'எண், அல்லது இல்லை' என்று எழுதினார். இல்லை என்று வந்தால் என்ன காட்டுவது என்பதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்தார்: 'இன்றைய அளவு கிடைக்கவில்லை. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள்.'