கீன்வாவும் குரக்கனும்

டோர்ட்மண்ட் அங்காடிகளில் இன்று எளிதாகக் கிடைக்கும் கீன்வாவை, நீரிழிவுக்கு மருந்தெனக் கருதி எம்மவர் பலர் வாங்குகின்றனர். அது மருந்தன்று, சோற்றைப் போல மாச்சத்துள்ள உணவே. அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. கசப்பு நீங்கக் கழுவி, ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் விட்டு, 15 நிமிடம் அவித்து, அளவோடு உண்ணல் வேண்டும்.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைவாழ் மக்களின் இத்தானியத்தை, அங்கு ஆண்ட ஸ்பானியர் இழிவாக எண்ணினர். அம்மக்களோ அதனைக் கைவிடவில்லை. 2013ஆம் ஆண்டைக் கீன்வா ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 2023ஆம் ஆண்டு சிறுதானியங்களுக்குரியதாயிற்று. அவற்றுள் ஒன்றான குரக்கனை, ஏழைகளின் உணவென்று நாமே ஒதுக்கினோம். கீன்வாவை உண்போம், குரக்கன் பிட்டின் சுவையையும் எம் பிள்ளைகள் அறியச் செய்வோம்.