நத்திங் போன் 3: முதுகில் லைட் எரியும் ரூ.79,999 போன்... ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்கள் வாங்கலாமா?

பின்பக்கம் மூன்று கேமரா. ஆனால் மூன்றும் ஒரே வரிசையில் இல்லை. ஒரு மூலையில் வட்டமாக ஒரு குட்டித் திரை. வீடியோ எடுத்தால் மின்னும் சிவப்பு லைட். முதல் தடவை பார்ப்பவருக்கு, கேமராவை ஒட்டியவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாரோ என்று தோன்றும். இன்னொருவருக்கோ அதுவேதான் வாங்கத் தூண்டும் காரணம்.

2025 ஜூலை 1 அன்று அறிமுகமான நத்திங் போன் 3 பற்றித்தான் சொல்கிறோம். ஒன்பிளஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்ல் பெய், லண்டனைத் தலைமையிடமாக வைத்து நடத்தும் நிறுவனம் இது. சரி, கையில் இருக்கும் காசைப் போட்டு இதை வாங்கலாமா? பார்க்கலாம்.

அந்த வட்டத் திரை எதுக்கு?

அதன் பெயர் கிளிஃப் மேட்ரிக்ஸ். 489 குட்டி எல்இடி விளக்குகள் சேர்ந்து புள்ளிப் புள்ளியாகப் படம் காட்டும். யார் அழைக்கிறார்கள், மணி என்ன, சார்ஜ் எவ்வளவு என்பதை போனைத் திருப்பாமலே பார்க்கலாம். சின்னச் சின்ன விளையாட்டுகளும் உண்டு.

ஆனால் ஒன்று. போனைக் கவிழ்த்து வைத்தால்தான் இது தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உதவலாம். நாள் முழுக்க பைக்கில், போனை பாக்கெட்டில் வைத்துச் சுற்றுபவருக்கு? அந்த லைட் எரிவதே தெரியாது.

விலையில் என்ன பிரச்சினை?

2022-ல் வந்த நத்திங் போன் 1-ன் விலை ரூ.32,999-ல் தொடங்கியது. 2023-ல் வந்த போன் 2, ரூ.44,999. போன் 3-ன் ஆரம்ப விலை ரூ.79,999. இதில் 12 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் வருகிறது. முந்தைய இரண்டின் ஆரம்ப மாடல்களில் 8 ஜிபி, 128 ஜிபிதான் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்தாலும் இது பெரிய தாவல்தான்.

இதில் உள்ள சிப், ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 4. நல்ல சிப்தான், வாட்ஸ்அப், யூடியூப், கேம் எதற்கும் திணறாது. ஆனால் குவால்காமின் அப்போதைய உச்ச சிப் அது இல்லை. உச்ச சிப்பான ஸ்னாப்டிராகன் 8 எலைட், அதே ஆண்டு ரூ.54,999-க்கு வந்த ஒன்பிளஸ் 13எஸ் போனிலேயே இருந்தது. அப்போ கூடுதலாகக் கொடுக்கும் 25 ஆயிரத்தில் பெரும்பங்கு எதற்குப் போகிறது? கேமராவுக்கும், டிசைனுக்கும், பெயருக்கும்.

பலம் என்ன?

குறை மட்டுமே சொன்னால் நியாயம் இல்லை. பின்னால் மூன்று, முன்னால் ஒன்று என நான்குமே 50 மெகாபிக்சல் கேமரா. 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது. இந்திய மாடலில் 5,500 எம்ஏஎச் பேட்டரி. வெளிநாட்டு மாடலில் 5,150தான். 65 வாட் வேகத்தில் சார்ஜ் ஆகும். தண்ணீர், தூசி தாங்கும் ஐபி68 தரம் உண்டு. 5 ஆண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், 7 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஒரே போனை அஞ்சு வருஷம் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

சார்ஜர் மட்டும் பெட்டிக்குள் வராது. தனியாகத்தான் வாங்கணும்.

நம்ம ஊரில்தான் உண்மையான கேள்வி

சென்னை, பெங்களூரில் இருப்பவருக்குச் சொல்லும் ரிவ்யூ, ராஜபாளையத்துக்கு அப்படியே பொருந்தாது. காரணம் போன் இல்லை. உடைஞ்சா எங்கே போவது என்பதுதான்.

அதிகம் விற்கும் போன் என்றால் பேக் கவர், டெம்பர்டு கிளாஸ், டிஸ்ப்ளே எல்லாமே உள்ளூர்க் கடையில் கிடைத்துவிடும். அரிதாக விற்கும் போனுக்கு அந்த வசதி குறைவு. போன் 3-க்கு கவர் வாங்கினாலும், அந்த வட்டத் திரையை மறைக்காத கவராகப் பார்த்து வாங்கணும். இல்லையென்றால் காசு கொடுத்த விஷயத்தையே மூடி வைத்த மாதிரி.

போன் 3 சென்னையில் உள்ள ஆலையில் தயாராகும் என்று நிறுவனம் அறிவித்தது நமக்குப் பெருமைதான். ஆனால் தமிழ்நாட்டில் தயாராவதும், நம்ம ஊரில் சர்வீஸ் கிடைப்பதும் வேறு வேறு. மதுரைக்குப் போக வேண்டும் என்றால் ராஜபாளையத்தில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர். போனைக் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்றால் இரண்டு நாள் சம்பளமும் பஸ் காசும் அந்த ரிப்பேர் பில்லோடு சேரும். மில்லில் ஷிப்ட் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அவசரத்துக்கு வெளிக்கடையில் பிரித்தால் வாரண்டி போகலாம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒட்டும் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இஎம்ஐ-யில் எடுத்தால்?

ரூ.79,999-ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் ரூ.3,333. 'வட்டியில்லா இஎம்ஐ' என்றாலும் பல கார்டுகளில் பிராசஸிங் கட்டணமும், அதற்கு ஜிஎஸ்டியும் தனியாக வரும். அதைவிட முக்கியம், இந்த போனின் விலை வேகமாக இறங்கியது. அறிமுகமாகி மூன்று மாதம் ஆவதற்குள், பண்டிகைக் கால ஆன்லைன் விற்பனையில் சலுகைகளோடு ரூ.50 ஆயிரத்துக்கும் கீழே கிடைத்தது. முதல் வாரத்தில் முழு விலை கொடுத்தவர், விலை இறங்கிய பிறகும் பழைய விலைக்கே இஎம்ஐ கட்டிக்கொண்டிருப்பார்.

யார் வாங்கலாம்? யார் வேண்டாம்?

* முழு விலைக்கு: வேண்டாம். அந்தக் காசுக்கு உச்ச சிப்பும் உள்ளூரில் எளிதாக சர்வீஸும் கிடைக்கும் போன்கள் உண்டு.
* ரூ.50 ஆயிரத்துக்குள் கிடைத்தால்: டிசைன் பிடித்திருந்தால், கையில் அவசரத்துக்கு இன்னொரு போன் இருந்தால், தாராளமாக வாங்கலாம்.
* இருப்பது ஒரே போன், வேலை, யுபிஐ எல்லாம் அதில்தான் என்றால்: அருகில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டே நல்லது.

பணம் கட்டும் முன் மூன்று வேலை: நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பின்கோடு போட்டு அருகில் உள்ள சர்வீஸ் சென்டரைப் பாருங்கள். டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கேளுங்கள். முடிந்தால் கடையில் போனைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை 218 கிராம், எல்லாருக்கும் ஒத்துவராது.

பால்கோவாவைக்கூட டப்பாவின் அழகைப் பார்த்து நாம் வாங்குவதில்லை, ருசி பார்த்துத்தான் வாங்குகிறோம். 80 ஆயிரம் ரூபாய் போனுக்கு அந்த நிதானம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவை.