மாத்திரையை நிறுத்தியது யார்?

தெமோதரைப் புகையிரத நிலையத்தில் நின்ற வண்டி மலையை வளைந்து சுற்றி வந்து, நின்ற இடத்திற்கு அடியிலேயே சுரங்கத்துள் நுழைந்து செல்கிறது. வெளிநாட்டார் வியந்து படம் பிடிக்கின்றனர். அதே வண்டியில் ஹாலிஎல கடந்து பதுளை வைத்தியசாலைக்குப் போய் மீளும் தோட்டப் பெண்ணின் கையிலுள்ள துண்டை எவர் வாசித்தார்?

மார்பிலே கட்டி. ஆரம்பத்திலேயே கண்டு அறுத்தெடுத்தாயிற்று. ஹோர்மோன் ஏற்பி உடைய புற்று என்று ஆய்வுக்கூடம் எழுதிவிட்டது. அஃதாவது, பெண்ணுடலில் ஊறும் ஈஸ்ட்ரஜனை உண்டு வளரும் புற்று. அதை அடக்கத் தமொக்சிபன் மாத்திரை, நாளுக்கொரு வேளை, ஐந்தாண்டு. ஓராண்டு விழுங்கினாள், பின் நிறுத்திவிட்டாள். இத்தகைய பெண்கள் உலகெங்கும் உளர். நம் மலையிலும் உளர்.

“அறியாமை!” என்று தீர்ப்பளிக்கின்றனர் கற்றோர். என்ன நியாயம் ஐயா இது? கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மறுபடி துளிர்ப்பதைத் தலைமுறை தலைமுறையாய்க் கண்டவளுக்கா, வெட்டியபின்னும் வேர் இருக்கும் என்பது விளங்காது? விளங்கும் மொழியில் எவரும் சொல்லவில்லை என்பதே உண்மை!

1956இல் சிங்களம் மட்டும் என்றனர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கிளினிக் மேசையிலோ ஆங்கிலத்தில் எழுதிச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. புடவைக் கடையில் தமிழ் பேசுவோர் உண்டு. உயிரைப் பற்றிப் பேசுமிடத்தில் இல்லையெனில் அந்தத் திருத்தம் எதற்கு?

சொல்ல வேண்டியது என்ன? மாடு வளர்ப்போருக்கு இது எளிதில் பிடிபடும். ஸ்கொத்லாந்து வைத்தியர் ஜோர்ஜ் பீட்சன், கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை அகற்றினால் பால் வற்றாது நீளும் என்ற பண்ணை வழக்கத்தை அறிந்தார். மார்புக்கும் சூலகத்துக்கும் உறவுண்டெனக் கருதி, முற்றிய புற்றுடைய பெண்களின் சூலகத்தை அகற்றிக் கட்டி சுருங்கக் கண்டு, 1896இல் லான்செட் ஏட்டில் எழுதினார். அன்று கத்தி செய்த வேலையை இன்று மாத்திரை வேறு வழியிற் செய்கிறது. ஐந்தாண்டு உட்கொண்டோரிடையே, பதினைந்தாண்டுக் காலத்தில் இப்புற்றால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2011இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு காட்டியது.

ஐந்தாண்டோடு கதை முடிகிறதா? இவ்வகைப் புற்று பொறுமைசாலி. ஐந்தாண்டு மருந்துண்டு நோயற்றிருந்தோரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்விலே, சிறிய கட்டி, அக்குள் முடிச்சுகளில் பரவல் இல்லை என்றிருந்தவர்களிலும், இருபதாம் ஆண்டுக்குள் 100க்கு 13 பேரிடம் உடலின் வேறிடங்களில் நோய் தலைகாட்டியது. முடிச்சுகளிற் பரவியிருந்தால் தொகை இன்னும் பெரிது. ஆகவேதான் சிலருக்குப் பத்தாண்டு என்கின்றனர். அதற்கும் விலையுண்டு: உடல் தகிப்பு, அரிதாகக் கால் நரம்பில் இரத்தக்கட்டு, கருப்பை உட்சுவரிற் புற்று. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் அனஸ்ட்ரசோல் போன்றவை எலும்பை மெலிவிக்கும். கொழுந்துக்கூடை சுமந்து சரிவிலே ஏறுகிறவளுக்கு இது சிறிய செய்தியா?

நஞ்சு மருந்தேற்றல் எல்லோருக்கும் வேண்டியதன்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்துச் செய்து 2018இல் வெளியிட்ட சோதனை, முடிச்சிற் பரவாத இவ்வகைப் புற்றுடைய ஐம்பது கடந்தோரிற் பெரும்பாலார்க்கு அதனால் மேலதிகப் பயனில்லை என்றது. அதற்கான மரபணுச் சோதனையின் விலை ஆயிரக்கணக்கான டொலர். நம் லயங்களுக்கு எட்டாது. எனினும் கட்டியின் அளவு, முடிச்சின் நிலை, ஏற்பியின் முடிவு, வயது ஆகியவற்றைக் கொண்டு எவ்வளவோ சொல்லலாம். சொன்னார்களா? பத்தாண்டு விழுங்கு என்று அவளுக்கு ஆணையிட நாம் வரவில்லை. வேண்டாமென்பதும் அவள் உரிமை. கணவனோ, கணக்கப்பிள்ளையோ, பக்கத்து லயத்துப் பெரியம்மாவோ முடிவு செய்வதற்கில்லை. அறிந்து மறுப்பது ஒன்று. அறியாமல் விடுபடுவது வேறு.

மொழி மட்டுமா தடை? கிளினிக் நாளென்றால் பேர் இல்லை! 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம்! அந்த நாட்சம்பளத்தை இழந்து, பஸ் காசும் கொடுத்து, ஒரு பை மாத்திரைக்கு நாள் முழுதும் காத்திருக்க வேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது புற்றுநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததையும் கண்டோம். அரசு வைத்தியசாலையில் மருந்து இலவசந்தான். அதை வாங்கப் போகும் நாள் இலவசமாக இல்லை.

துரைமாரைக் கேட்கிறோம்: கிளினிக் துண்டு காட்டுபவளுக்கு முழுப்பேர் போட்டால் தோட்டம் மூழ்கிவிடுமா? சுகாதார அமைச்சைக் கேட்கிறோம்: தமிழ் தெரிந்த ஒரு தாதியை அந்த மேசையில் அமர்த்தவும், நோயாளியின் துண்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் இன்னும் எத்தனை திருத்தம் வேண்டும்? தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சுக்குக் கொண்டுபோகும் கோரிக்கைத் தாளில் இந்தக் கிளினிக் நாள் எந்த வரியில் இருக்கிறது?