முரல் பாய்வது விநோதச் செய்தியா?

செய்தி மேசையில் நான் செய்த தவறொன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மீன் பாய்ந்து மனிதர் காயமுற்றதாக வெளிநாட்டுச் செய்தி வரும்போதெல்லாம், ‘விநோதம்’ என்று தலைப்பிட்டு, பக்கத்தின் மூலையில் எஞ்சிய இடத்தை அதைக்கொண்டு நிரப்பியிருக்கிறேன். முந்தல், உடப்புக் கரைகளில் அதை வாசித்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். முரல் துள்ளுவதைக் கண்டவர்கள் அவர்கள்.

1977இல் ஹவாயின் கவாய்த் தீவில், தந்தையுடன் இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த 10 வயதுச் சிறுவனின் கண்ணைத் துளைத்த முரல் மூளைவரை சென்றது. சிறுவன் இறந்தான். விளக்கொளிக்குப் பாயும் மீனுக்கு ஹவாய் என்ன, முந்தல் என்ன?

மீனை விடுங்கள், அதற்குப் புத்தியில்லை. நமக்கு? கண்குழியின் கூரை எலும்பு கடதாசி போல மெல்லியது. அதற்கு மேலே மூளை. மீனின் அலகோ, விறகுச் சுள்ளியோ இமையில் குத்தினால் வெளியே தெரிவது சிறு கீறல்தான், பார்வைகூடக் கெடாதிருக்கலாம். குத்தியதைப் பிடுங்கி எறிகிறோம். இமைக்கு இரண்டு தையல், சொட்டு மருந்து, வீட்டுக்குப் போகலாம்! பிறகு காய்ச்சலும் தலையிடியும் வரும்போதுதான் மூளையில் சீழ் கட்டியது தெரியவரும். மரத்துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; சி.ரி. ஸ்கானில்கூடக் காற்றுப்போலத் தோன்றி ஏமாற்றும். ஆகவே, என்ன குத்தியது என்று வைத்தியரிடம் சொல்வதும், வைத்தியர் அதைக் கேட்பதும் சிகிச்சையின் பாதி.

2020 ஜனவரியில் இந்தோனேசியாவின் பூட்டோன் கடலில் 16 வயது இளைஞனின் கழுத்தை முரல் துளைத்தது. கூடவிருந்த நண்பன் அதைப் பிடுங்க விடவில்லை. அலகு கழுத்திலிருக்கவே கரைக்கு நீந்தி, பின்னர் மக்காசார் நகர வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, சத்திரசிகிச்சையில் உயிர் பிழைத்தான். அந்த நண்பன் வைத்தியம் படித்தவனல்லன்.

முந்தலிலிருந்து கொழும்பு சுமார் 100 கிலோமீற்றர். அந்த வீதியில் ஒரு நோயாளியை அனுப்புவதா, தையலிட்டு வீட்டுக்கு அனுப்புவதா என்பதை முதலில் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்கிறார். இமையில் துளைக்காயம் என்றால் ஸ்கான் எடுக்காமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? உலகெங்கும் தானக் கண்களை அனுப்பிய தீவல்லவா இது?

உடப்பிலோ முந்தலிலோ இதை வாசிக்கும் தம்பிமார் இருந்தால், வாடிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: குத்தியதைப் பிடுங்காதே. கண்ணை அழுத்தாதே. அசையாமல் கட்டி, அப்படியே பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோ.